பேய்ப் படம் பார்த்தால் ஏன் சிரிப்பு வருகிறது: ஒரு பழைய ஆபரேட்டரின் பதில்

சேலத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "நண்பர்கள் ஆறு பேர் ஏற்காட்டில் ரூம் போட்டிருக்கிறோம், ராத்திரி பார்க்க நல்ல பேய்ப் படமாகச் சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்தது எது, ஏன் என்றும் சொல்லுங்கள். எதைப் பார்த்தாலும் எங்களுக்குப் பயமே வரவில்லை, சிரிப்புதான் வருகிறது."

சரி தம்பி, சொல்கிறேன். ஆனால் பட்டியலாகச் சொல்ல எனக்கு வராது, கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன்.

முதலில் இதைப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று சொல்லிவிடுகிறேன். 1988இல் ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் சேலத்தில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தேன். ஒரே படத்தை ஒரு நாளைக்கு நாலு காட்சி வீதம் வாரக்கணக்கில் ஓட்டினால் மூன்றாம் நாளே படம் சலித்துவிடும், அப்புறம் கேபினில் இருக்கிற அந்தச் சின்னக் கண்ணாடி வழியாக நாம் பார்ப்பது திரையை இல்லை, தலைகளைத்தான். எந்த நிமிஷத்தில் எந்த வரிசை பின்னால் சாய்கிறது, எப்போது பாப்கார்ன் பொட்டலச் சத்தம் நிற்கிறது, எப்போது பால்கனியில் ஒருத்தர் தேவையில்லாமல் இருமுகிறார், எல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். பயந்தவன்தான் இருமுவான். தன் சத்தத்தைத் தானே கேட்டால் ஒரு தைரியம்.

அங்கே நின்று நான் கற்றுக்கொண்டது, திடுக்கிடுவது வேறு, கிலி பிடிப்பது வேறு என்பது. பூனை குதிக்கும், கதவு படார் என்று அடிக்கும், ஸ்பீக்கர் கத்தும், மொத்த தியேட்டரும் ஒரு தூக்குத் தூக்கிப் போடும், அடுத்த நொடி எல்லோரும் சிரிப்பார்கள். பின்னால் நின்று யாராவது "பே!" என்று கத்தினால் எவ்வளவு பெரிய தைரியசாலிக்கும் தோள் குலுங்கத்தான் செய்யும், அது உடம்பின் வேலை, மனசுக்கு அதில் பங்கே கிடையாது. உங்களுக்குச் சிரிப்பு வருகிறது என்றால் நீங்கள் பார்த்ததெல்லாம் திடுக் படங்களாக இருந்திருக்கும். கிலி படம் முடிந்தால் கூட்டம் சிரிக்காது. சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் பேசாமல் நடக்கும், அங்கே இருட்டாக இருந்தால் "நீ முதல்ல போ" என்று ஒருத்தரை ஒருத்தர் தள்ளிவிடும்.

சத்தத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேய்ப் படத்தில் முக்கால்வாசி அதுதான். 1990இல் '13ஆம் நம்பர் வீடு' ஓடிக்கொண்டிருந்தது, ராத்திரி ரெண்டாவது ஆட்டம். அந்தக் காலத்தில் ஒலி ஃபிலிமின் ஓரத்திலேயே கோடாகப் பதிந்திருக்கும், அதன் வழியாக ஒளியைப் பாய்ச்ச ஒரு சின்ன பல்பு, எக்சைட்டர் லாம்ப் என்போம். அது ஃப்யூஸ் போனால் படம் ஓடும், சத்தம் வராது. அன்றைக்குப் போய்விட்டது. வேறு படமாக இருந்தால் அரை நிமிஷத்தில் விசில், "டேய் ஆபரேட்டர், சவுண்டுடா!" என்று என் குடும்பத்தையே இழுத்திருப்பார்கள். நான் கை நடுங்க பல்பு மாற்றுகிறேன், கீழே ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தால் அத்தனை பேரும் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், ஏதோ வரப்போகிறது என்று. திரையில் நடந்ததோ ஒன்றுமில்லை, யாரோ ஒருத்தர் நடந்து போகிறார், அவ்வளவுதான். பல்பை மாட்டினதும் பின்னணி இசை வந்தது, அப்பாடா என்று எல்லோரும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இசை வந்ததும் அது சினிமா ஆகிவிட்டது.

அதே தியேட்டரில் இன்னொன்று. சேலத்துக்காரருக்குக் கொலுசைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. செவ்வாய்ப்பேட்டையிலும் பனங்காட்டிலும் சிவதாபுரத்திலும் வீட்டுக்கு வீடு கொலுசுப் பட்டறை, ஊரே அந்தச் சத்தத்தில்தான் சோறு சாப்பிடுகிறது. அதனால் திரையில் பேய் கொலுசு கட்டிக்கொண்டு ஜல் ஜல் என்று வந்தால் இங்கே ஒருத்தரும் அசையமாட்டார், "மணி மட்டமா இருக்கே" என்று ஒரு பட்டறைக்காரர் சத்தமாகவே சொன்னதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு நாள் ராத்திரி, படத்தில் பேச்சும் இல்லை, இசையும் இல்லை, அந்த நேரம் பார்த்து நடு வரிசையில் ஒரு பெண் பிள்ளை பாத்ரூம் போக எழுந்து பக்கவாட்டு வழியாக நடந்தது. கொலுசு. இருட்டில் முன்னூறு தலை ஒன்றாகத் திரும்பியதை நான் மேலே இருந்து பார்த்தேன். அந்தப் பிள்ளை பயந்துபோய் அங்கேயே நின்றுவிட்டது, அது நின்றதும் சத்தமும் நின்றது, அது இன்னும் மோசம்! திரையில் வந்த கொலுசை ரசித்தவர்கள்தான் பக்கத்து வரிசையில் வந்த கொலுசுக்கு உறைந்துபோனார்கள்.

எனக்குப் பிடித்த படங்கள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் இந்தக் கொலுசு மாதிரிதான். பயத்தைத் திரையிலேயே விட்டுவிடாமல் நம் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள், நாம் தொடும் ஒரு பொருளில்.

முதல் இடம் 'யாவரும் நலம்', 2009. விக்ரம் குமார் இயக்கம், பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு, மாதவன். பதின்மூன்றாவது மாடியில் 13பி என்ற வீட்டுக்கு ஒரு பெரிய குடும்பம் குடிபோகிறது. தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு டிவியில் ஒரு சீரியல், அதில் இவர்கள் வீட்டில் நடப்பதே நடக்கிறது. அவ்வளவுதான் விஷயம். பாழடைந்த பங்களா கிடையாது, வௌவால் கிடையாது, வெள்ளைப் புடவை கிடையாது. புதுப் பெயிண்ட் அடித்த ஃபிளாட், சாமி படம் மாட்ட ஆணி இறங்க மாட்டேன் என்கிறது, பால் திரிந்து போகிறது, கதாநாயகன் மட்டும் ஏறினால் லிஃப்ட் நகராது. 2009இல் தமிழ்நாட்டில் சீரியல் ஓடாத வீடு எது? பேயை அதற்குள் வைத்தார் பாருங்கள், அதுதான் மூளை.

இன்னொரு விஷயமும் அதில் பலருக்குப் பிடிபடவில்லை. மத்தியானம் ஒரு மணி. நம் பாட்டிமார்கள் பயந்தது நடுராத்திரிக்கு மட்டுமா? உச்சி வெயிலில் புளியமரத்தடிக்குப் போகாதே, முனி நடமாடும் நேரம் என்று சொல்லித்தானே வளர்த்தார்கள். சேலம் பக்கம் முனியப்பன் கோயிலுக்குக் குறைவே இல்லை, ஆளுயரத்தை விடப் பெரிய சிலை, முறைத்த கண்ணும் கையில் அரிவாளுமாக வெட்டவெளியில் உட்கார்ந்திருப்பார், வெயிலில் தனியாக அந்தப் பக்கம் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். வெளிச்சத்தில் வருகிற பயத்துக்கு விளக்குப் போட்டுத் தப்பிக்க வழியில்லை. எங்கள் தியேட்டரில் இந்தப் படத்துக்குக் காலைக் காட்சிதான் அதிகம் வேலை செய்தது, முடிந்து வெளியே வந்தால் சுளீரென்ற வெயில், மணி ஒன்றரை, எல்லோரும் வீட்டுக்குப் போய் டிவி பார்க்கிற நேரம்.

அடுத்தது அதே வருஷம் வந்த 'ஈரம்'. அறிவழகனின் முதல் படம், மனோஜ் பரமஹம்சா ஒளிப்பதிவு, தமன் இசை. தண்ணீர்தான் பேய். படம் முழுக்க மழையும் ஈரத் தரையுமாக, நிறத்தை எல்லாம் வடித்துவிட்டு ஒரு சாம்பல் நீலத்தில் வைத்து, அதற்கு நடுவில் சிவப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்படி செய்திருப்பார்கள். கதையின் அடியில் இருப்பது பேயைவிட அசிங்கமான ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர்களின் வாய். அதைச் சொன்னால் படம் போய்விடும், விட்டுவிடுகிறேன். இடைவேளையில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்: ஆண்கள் கழிவறைக்கு ஜோடி ஜோடியாகப் போனார்கள். எங்கள் தியேட்டரில் அத்தனை வருஷத்தில் எல்லாக் குழாயும் ஒழுங்காக மூடியிருந்தது அந்தப் படம் ஓடிய வாரங்களில்தான். மேனேஜர் தண்ணீர் மிச்சம் என்று சந்தோஷப்பட்டார்.

'சந்திரமுகி'யைச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், அது திருவிழா, நானும் ரசித்தேன். ஆனால் பயம் வேண்டுமென்றால் அதன் மூலமான மலையாள 'மணிச்சித்ரத்தாழு'வைப் பாருங்கள், 1993, ஃபாசில் இயக்கம், ஷோபனா. இதில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆச்சரியம் உண்டு. மலையாளப் படத்தில் அந்த நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, ஆவேசம் வந்தால் தமிழ் பேசுவாள். தமிழுக்கு வந்தபோது சந்திரமுகி தெலுங்கு பேசினாள். இந்திக்குப் போனபோது, 2007இல் வந்த 'பூல் புலையா'வில், அவள் வங்காளம் பேசினாள். ஒவ்வொரு ஊரிலும் பேய்க்கு வேறு ஊர் பாஷை! காரணம் லேசுதான். நம் வீட்டுப் பெண், நமக்குத் தெரிந்த அதே வாயால், நமக்குத் தெரியாத பாஷையைச் சரளமாகப் பேசினால் அந்த நொடியில் அவள் நமக்கு அந்நியம் ஆகிவிடுகிறாள். முகத்தில் மாவு பூசி, லென்ஸ் போட்டு, பல் வைத்துச் செய்ய முடியாததை ரெண்டு வாக்கியம் செய்துவிடுகிறது. மலையாளிகள் அந்தப் படத்தில் பயந்தது நம் தமிழைக் கேட்டுத்தான் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

பழைய படங்களில் பேய் என்பது பெரும்பாலும் யாரோ செய்யும் சதி. 1966இல் வந்த 'யார் நீ?' அப்படித்தான், 'வோ கௌன் தீ' என்ற இந்திப் படத்தின் தழுவல். ஜெயலலிதா வெள்ளைப் புடவையில், சுசீலா குரலில் "நானே வருவேன்" என்று அலைவார், இசை வேதா. இந்த வேதா நம் சேலத்து சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் படங்கள் பலவற்றுக்கு இசையமைத்தவர். கடைசியில் பேய் இல்லை என்று தெரிந்துவிடும், ஆனால் அந்தப் பாட்டை ராத்திரி தனியாகக் கேட்டுப் பாருங்கள், பேய் இல்லை என்று தெரிந்ததால் ஒரு பிரயோஜனமும் இருக்காது.

மாடர்ன் தியேட்டர்ஸ் என்றதும் இன்னொன்று. ஏற்காடு ரோட்டில் அந்த ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். 1950இல் அங்கே எடுத்த 'மந்திரி குமாரி' பேய்ப் படம் இல்லை, ராஜா ராணிக் கதை. ஆனால் அதில் ஒருத்தன் தன் மனைவியை மலை உச்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிறான், "வாராய், நீ வாராய்" என்று திருச்சி லோகநாதன் குரலில் கொஞ்சிக்கொண்டே. எதற்குக் கூப்பிடுகிறான் என்று நமக்குத் தெரியும், தள்ளிவிட. அவளோ சந்தோஷமாகப் பாடிக்கொண்டே ஏறுகிறாள். பாட்டு எவ்வளவு இனிமையோ அவ்வளவு வயிற்றைக் கலக்கும். விஷயம் தெரிந்ததும் அவள் என்ன செய்கிறாள் என்பதைப் படத்தில் பாருங்கள். ஹிட்ச்காக் பாணி என்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, பார்ப்பவனுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காக்கவைப்பது, அதை எங்கள் கண்ணங்குறிச்சிப் பக்கம் அப்போதே ஒரு பாட்டில் செய்திருக்கிறார்கள்.

ஹிட்ச்காக் என்றால் 'சைக்கோ', 1960. குளியலறைக் காட்சி ஒரு நிமிஷம்கூடக் கிடையாது, எடுக்க ஒரு வாரம் ஆனது. ரத்தம் என்று நாம் பார்ப்பது சாக்லேட் சிரப், கறுப்பு வெள்ளையில் அதுதான் எடுப்பாகத் தெரிந்தது. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொன்னார், பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களை வைத்துக் கீச்சிட வைத்துக் காட்டியதும் மாற்றிக்கொண்டார். இசை போட்டால் அது சினிமா ஆகிவிடும் என்று மேலே சொன்னேனே, அதற்கு ஒரே விலக்கு இதுதான். அந்த வயலின் இசை மாதிரியே இல்லை, யாரோ அலறுவது மாதிரி இருக்கும்.

'எக்ஸார்சிஸ்ட்' (1973) என்றால் எல்லோரும் பேய் பிடித்த சிறுமியின் தலை பின்பக்கம் திரும்புவதைப் பற்றித்தான் பேசுவார்கள், எனக்கு அது பொம்மை வேலை. என்னைப் பிடித்தது அந்த அறையின் குளிர். படுக்கையறை செட்டையே குளிர்சாதனம் வைத்து உறைய வைத்து எடுத்தார்கள், நடிகர்களின் வாயிலிருந்து வரும் புகை நிஜ மூச்சு. பாதிரியார் நடுங்குவது நடிப்பா குளிரா என்று தெரியாது. ஜப்பானிய 'ரிங்கு' (1998) இன்னும் தந்திரம்: பேயாக வரும் பெண்ணைப் பின்னோக்கி நடக்கவிட்டு எடுத்து, அதைத் திருப்பி ஓட்டினார்கள். விசிஆரில் கேசட்டைப் பின்னால் ஓட்டிப் பார்த்த தலைமுறைக்கு அந்த அசைவு தெரியும், கால் முன்னால் வரும், ஆனால் உடம்பு அதற்கு ஒத்துவராது. என்ன தப்பு என்று கண்ணுக்குப் பிடிபடாது, வயிற்றுக்குப் பிடிபடும். அதுவும் டிவிக்குள்ளிருந்துதான் வருகிறது, கவனித்தீர்களா?

2011இல் 'காஞ்சனா' வந்தபிறகு தமிழில் பேய் என்றாலே காமெடி என்று ஆகிவிட்டது. அதில் சரத்குமார் செய்த திருநங்கை வேடத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் பின்னாலேயே வந்த கூட்டம் பத்து நிமிஷம் பயமுறுத்தி, பத்து நிமிஷம் சிரிக்கவைத்து, கடைசியில் கோயில், பம்பை உடுக்கை என்று ஒரே அச்சில் வார்த்தது. ஊதிக்கொண்டு வரும் பலூனில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை காற்றைத் திறந்துவிட்டால் அது எப்போது வெடிக்கும்? உங்களுக்குச் சிரிப்பு பழகிப்போனதற்கு இந்தப் படங்களும் ஒரு காரணம், உங்கள் மேல் மட்டும் தப்பில்லை. நடுவில் 2012இல் 'பீட்சா' ஒன்று தப்பி வந்தது, டார்ச் லைட்டோடு ஒரு ஆள் ஒரு வீட்டில் மாட்டிக்கொள்ளும் அந்த நீளமான பகுதியில் விஜய் சேதுபதி திரும்பின பக்கமெல்லாம் நாமும் திரும்புவோம். வெளிச்சம் படாத இடத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் முழுப் படமும். மிஷ்கினின் 'பிசாசு' (2014) பயமுறுத்தாது, அழவைக்கும், அதை உங்கள் கும்பலோடு பார்க்காதீர்கள், வீணாகிவிடும்.

இப்போது உங்கள் ஏற்காட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஆறு பேர் ஒரு மெத்தையில் படுத்துக்கொண்டு லேப்டாப்பை வயிற்றில் வைத்துப் பார்த்தால் எந்தப் படமும் பயமுறுத்தாது, அது படத்தின் குற்றம் இல்லை. ஒன்று, லேப்டாப் ஸ்பீக்கரில் அடித்தொனி வராது. தியேட்டரில் நெஞ்சுக்கூட்டில் வந்து உட்காரும் அந்தக் கனத்த உறுமல், காதில் கேட்பதற்கு முன்னால் உடம்பில் தெரியுமே, அது அந்தச் சின்னப் பெட்டிக்குள் இல்லவே இல்லை. ஆளுக்கு ஒரு ஹெட்போன் முடியாவிட்டால் ஓரளவு பெரிய ஸ்பீக்கர் ஒன்றாவது கொண்டுபோங்கள். இரண்டு, கையில் நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. தியேட்டரில் பயந்தால் தப்பிக்க வழியில்லை, ரீல் ஓடிக்கொண்டே இருக்கும், நான் நிறுத்தமாட்டேன். இங்கே ஒருத்தன் "மச்சி, சிப்ஸ் எடு" என்றதும் பேய் காத்துக்கொண்டு நிற்கிறது. போன்களை எல்லாம் வாங்கி ஒரு பையில் போட்டுப் பக்கத்து அறையில் வையுங்கள். அப்புறம் அதை எடுக்கப் போவது யார் என்று படம் முடிந்ததும் முடிவு செய்யுங்கள்.

ஏற்காட்டில் பார்க்க ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், மலையாளத்தில் 2022இல் வந்த 'பூதகாலம்'. ராகுல் சதாசிவன் இயக்கம், ரேவதியும் ஷேன் நிகமும். பாட்டி இறந்தபிறகு அம்மாவும் மகனும் ஒரு வீட்டில். அவ்வளவு பேர்தான். முதல் ஒரு மணி நேரம் பேயே இல்லை என்று சொல்லலாம், ஒருத்தரை ஒருத்தர் நம்பாத இரண்டு பேர் இருக்கிறார்கள், மகனுக்குப் புத்தி பிசகிவிட்டதா, வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்று நமக்கே தெரியாது. பொறுமை இல்லாதவன் அரை மணியில் கொட்டாவி விடுவான், அவனைக் கீழே பரோட்டா வாங்க அனுப்பிவிடுங்கள். இவரேதான் 2024இல் மம்மூட்டியை வைத்துக் கறுப்பு வெள்ளையில் 'பிரமயுகம்' எடுத்தார், மழையும் பாழ்மனையும் பகடையுமாக. அதை வீட்டில் தனியாகப் பாருங்கள்.

பனி இறங்குகிற மாதமாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலிகள். எஸ்டேட்டில் காப்பிக்கு நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்களில் பனி சேர்ந்து, ராத்திரி பூரா இலையிலிருந்து சொட்டும். சருகு மேல் விழும்போது ஒரு சொட்டு, அப்புறம் இடைவெளி, அப்புறம் ஒரு சொட்டு, யாரோ யோசித்து யோசித்துக் கால் வைப்பது மாதிரியே இருக்கும். நானும் என் வீட்டுக்காரியும் ஒரு தடவை போனபோது ராத்திரி இரண்டு மணிக்கு ஜன்னலைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம் பேய் ஓட்டினவன்! வெள்ளையாகப் புகை மட்டும்தான் தெரிந்தது, அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை, ஜன்னலைச் சாத்தும்போது அவள் "என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள், "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு விடியும்வரை முழித்திருந்தேன்.

படம் முடிந்த கையோடு வீரம் காட்ட பகோடா பாயின்ட் பக்கம் நடக்கக் கிளம்பாதீர்கள். இப்போதெல்லாம் காட்டெருமை ரோட்டுக்கே வந்துவிடுகிறது, பனியில் பக்கத்தில் போகிறவரை தெரியாது, அதற்குப் பின்னணி இசையும் கிடையாது.